குடும்பக் காருக்கு வீட்டிலேயே டர்போ: பழைய வால்வோ சொல்லித்தரும் பாடம்

வால்வோ 240 காரின் தயாரிப்பு 1974-இல் தொடங்கியது; 1993 வரை நிற்கவில்லை. 28 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. ஸ்வீடனில் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், கோடை விடுமுறைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகவும் குடும்பங்கள் நம்பி வாங்கிய வண்டி. வேகம் என்று யாரும் அதை வாங்கவில்லை. இன்று அதே 240-உம், அதற்குப் பின் வந்த 740, 940 கார்களும் ஸ்வீடன், பின்லாந்து வீடுகளின் கார் ஷெட்டுகளில் பானெட் திறந்தபடி நிற்கின்றன. குளிர்காலம் முழுக்க அவற்றில் வேலை நடக்கிறது. ஆலையிலிருந்து 114 குதிரைத்திறனோடு வந்த என்ஜின், டர்போ பூட்டப்பட்டு 200, 250 குதிரைத்திறனோடு வெளியே வருகிறது. 300-ஐத் தாண்டுபவர்களும் உண்டு.

இதற்கு என்ஜினியரிங் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டர்போவைப் பூட்டுவது ஒரு வார இறுதி வேலை. பூட்டிய பிறகு அந்த என்ஜினை உயிரோடு வைத்திருப்பதுதான் உண்மையான வேலை. அந்த வேலை என்ன என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

டர்போ என்ன செய்கிறது

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே வீணாகிறது. அந்தப் புகை சூடாகவும் வேகமாகவும் வெளியேறுகிறது. அதன் பாதையில் ஒரு சிறிய விசிறிச் சக்கரத்தை வைத்தால் சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால், அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும். டர்போ என்பது இவ்வளவுதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் புக்கி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். கப்பல், ரயில், விமான என்ஜின்களில் பல பத்தாண்டுகள் உழைத்த பிறகுதான் அது காருக்கு வந்தது.

முக்கியமான ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். டர்போ சக்தியை உண்டாக்குவதில்லை. அது காற்றை மட்டும்தான் கொடுக்கிறது. கூடுதல் காற்றுக்கு ஏற்ற கூடுதல் பெட்ரோலை நாம் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எரிவதால் வரும் கூடுதல் வெப்பத்தை பிஸ்டனும் வால்வும் ஆயிலும் ரேடியேட்டரும் தாங்க வேண்டும். வீட்டில் கட்டிய டர்போ என்ஜின்கள் வெடிப்பது பெரும்பாலும் இந்தப் பின்பாதியை மறந்ததால்தான்.

அழுத்தத்தை 'பார்' கணக்கில் சொல்வார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே சுமார் 1 பார். டர்போ 0.7 பார் பூஸ்ட் கொடுக்கிறது என்றால், என்ஜின் மொத்தம் 1.7 பார் அழுத்தத்தில் மூச்சு இழுக்கிறது. இதை வால்வோவின் 2.3 லிட்டர் என்ஜினில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 5,500 சுற்றில், டர்போ இல்லாத என்ஜின் விநாடிக்கு ஏறத்தாழ 108 கிராம் காற்றை இழுக்கும். 0.7 பார் கொடுத்து, அந்தக் காற்றை 40 டிகிரி அளவுக்குக் குளிரவைத்தும் அனுப்பினால் அது 170 கிராமைத் தாண்டும். ஒரு கிராம் காற்றுக்கு ஒன்றே கால் குதிரைத்திறன் என்பது பெட்ரோல் என்ஜினுக்கு நம்பத்தகுந்த கைக்கணக்கு. அப்படியானால் 130 சொச்சம், 210-க்கு மேல் போகிறது. என்ஜினின் அளவு கூடவில்லை, சுற்று கூடவில்லை, காற்று மட்டுமே கூடியிருக்கிறது.

நம் ஊரில் இப்போது வரும் டீசல் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டர்போ உண்டு. அதனால் இதில் என்ன பெரிய சிரமம் என்று தோன்றலாம். டீசலில் சிரமம் குறைவுதான்; அங்கே பிஸ்டன் காற்றை மட்டும் அழுத்துகிறது, டீசல் கடைசி நொடியில்தான் பீய்ச்சப்படுகிறது. பெட்ரோல் என்ஜினிலோ காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே வந்து, கலந்தே அழுத்தப்படுகின்றன. நாம் சொல்லும் நேரத்துக்கு முன்னால் அது தானே பற்றிக்கொள்ளக் கூடும். அதனால்தான் பெட்ரோல் டர்போ கார்களின் தொடக்க வரலாறு தடுமாற்றமாக இருந்தது. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவோடு வந்தது. தானே பற்றுவதைத் தடுக்க, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தை என்ஜினுக்குள் பீய்ச்ச வேண்டியிருந்தது. ஓட்டுநர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். 1973-இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ வந்தது. தினசரி ஓட்டும் குடும்பக் காருக்கு டர்போ சரிப்படும் என்று நிரூபித்தது 1977-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்ட சாப் 99 டர்போ. அதுவும் ஸ்வீடன் கார்தான். பிறகு சாப் நிறுவனத்தின் பெர் கில்பிராண்ட், கலவை தானே பற்றி என்ஜின் தட்டத் தொடங்கும்போதே அதைக் கேட்டு பூஸ்டைத் தானாகக் குறைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தார். அது 1980-களின் தொடக்கம்.

ஏன் வால்வோ

வால்வோவும் பின்தங்கவில்லை. 240 டர்போ 1981 மாடலாக வந்தது, 2.1 லிட்டர், 155 குதிரைத்திறன். பந்தயத்துக்கு அதை மேலும் முறுக்கினார்கள். 1985-இல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தை ஜியான்ஃபிராங்கோ பிராங்கடெல்லியும் தாமஸ் லிண்ட்ஸ்ட்ரோமும் 240 டர்போவில் வென்றார்கள். அதே ஆண்டு ஜெர்மன் பட்டத்தை பெர் ஸ்டுரெசன், அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியப் பட்டத்தை ராபி ஃபிரான்செவிக். சதுரமான குடும்பக் கார் ரேஸ் கார்களை முந்திப் போனதைப் பார்த்த தலைமுறைதான் பின்னால் வீட்டு ஷெட்டில் ஸ்பேனர் எடுத்தது.

பெருமை மட்டுமே காரணமல்ல. அந்த என்ஜினின் உடலமைப்பு இதற்கு வாகானது. சிவப்பு பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு பிளாக்; கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங்குகள் தாங்குகின்றன; அலுமினிய ஹெட்டில் ஒரு பக்கம் காற்று நுழைகிறது, மறுபக்கம் புகை வெளியேறுகிறது. என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருப்பதால் இரு பக்கமும் கை நுழையும், டர்போ வைக்க இடம் கிடைக்கும். பெரும்பாலான மாடல்களில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. பழுதைப் பொறுத்துக்கொள்ளும் என்ஜின் இது, கற்றுக்கொள்ளும் கைக்கு ஏற்றது.

இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. இதே பிளாக்கில் டர்போ என்ஜினை வால்வோவே ஆண்டுக்கணக்கில் தயாரித்து விற்றது. ஐரோப்பாவில் 740 டர்போ 182 குதிரைத்திறனில் ஓடியது. எனவே டர்போவுக்கென்று வார்த்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், ஆயில் குழாய் எல்லாம் காயலான் கடையில் அசல் உதிரியாகவே கிடைத்தன. 1990-க்குப் பிந்தைய மேனிஃபோல்டின் உள்பாதை சீரானது என்பதால் அதைத் தேடிப் பிடிப்பார்கள். தெரியாத காரில் டர்போ வைப்பவர் எல்லாவற்றையும் தானே வெல்டிங் செய்ய வேண்டும்; வால்வோக்காரர் ஆலை ஏற்கெனவே போட்ட கணக்கின் மேல் நின்றுகொண்டு தொடங்குகிறார். பழைய காருக்கு டர்போ வைக்க விரும்பும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்தக் கம்பெனி அதே என்ஜினில் டர்போ விற்றிருக்கிறதா?

வாங்கும்போது ஒரு கண்டம் உண்டு. 1985 முதல் 1988 வரை வந்த பி230 என்ற 2.3 லிட்டர் என்ஜின்களில், உராய்வைக் குறைக்க கனெக்டிங் ராட்டை ஒல்லியாகச் செய்திருந்தார்கள். தண்டின் கனம் சுமார் 9 மில்லிமீட்டர். பின்னால் வந்தவற்றில் அது 13 மில்லிமீட்டர். ஒல்லி ராட் ஆலை கொடுத்த பூஸ்டைத் தாங்கும், அதற்கு மேல் ஏற்றினால் வளையும். 1990-களின் டர்போ பிளாக்குகளில் பிஸ்டனின் அடிப்பகுதிக்கு ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் முனைகளும் சேர்ந்தன. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் என்ஜினின் வருடத்தைக் கேட்காமல் விலை பேசுவதில்லை.

டர்போ இல்லாத என்ஜினிலேயே டர்போவைச் சேர்ப்பதை 'பிளஸ் டி' என்பார்கள். அதில் கவனிக்க வேண்டியது அழுத்த விகிதம். சாதாரண பி230 என்ஜினில் அது 10-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருக்கும். டர்போ வகையில் 8.7-க்கு 1, பழைய 2.1 லிட்டர் டர்போவில் 7.5-க்கு 1. ஏற்கெனவே அதிகம் அழுத்தும் என்ஜினுக்குள் அழுத்திய காற்றை அனுப்பினால் தாங்கும் எல்லை சீக்கிரம் வந்துவிடும். 0.4, 0.5 பாரோடு நிறுத்திக்கொள்பவருக்கு சாதாரண என்ஜினே போதும். அதற்கு மேல் போக நினைப்பவர் டர்போ பிஸ்டன் உள்ள என்ஜினைத் தேடுவதே நல்லது. சாதாரண என்ஜினை மெஷினிங் செய்து மாற்றுவதைவிட அது மலிவு.

எதிரி வெப்பம்தான்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை அழுத்தினால் சூடாகும். 20 டிகிரியில் உள்ளே போகும் காற்றை டர்போ 0.7 பாருக்கு அழுத்தும்போது, சுமாரான திறனுள்ள டர்போவில் அது 90 டிகிரி அளவுக்குச் சூடாகி வெளியே வரும். சூடான காற்று லேசானது. அழுத்தம் காட்டும் மீட்டர் 0.7 என்றாலும் உள்ளே போகும் காற்றின் எடை குறைவு. அதனால் வழியில் ஒரு ரேடியேட்டரை வைத்து, காரின் முன்புறம் வீசும் காற்றால் அதைக் குளிரவைக்கிறார்கள். அதுதான் இன்டர்கூலர். 90 டிகிரியை 40-க்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் 16 சதவீதம் கூடுதல் காற்று. இலவசமாகக் கிடைத்த குதிரைகள் அவை. முதல் 240 டர்போவில் இன்டர்கூலரே இல்லை. அந்தக் காருக்குச் செய்யக் கூடிய முதல் நல்ல காரியம் 740-இன் இன்டர்கூலரை முன்னால் கொண்டுவந்து வைப்பது.

குதிரைத்திறனைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. என்ஜினைக் கொல்வது 'நாக்கிங்'. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். பரவும்போது எதிர்முனையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாட்டிக்கொள்கிறது. தாங்காத கட்டத்தில் அது தானே ஒரேயடியாக வெடிக்கும். அந்த அதிர்ச்சிதான் இரும்பில் சுத்தியல் தட்டும் சத்தமாக வெளியே கேட்கிறது. டர்போ இல்லாத காரில் இந்தச் சத்தம் மேடு ஏறும்போது கொஞ்சம் கேட்டு மறையும். பெரிதாக ஒன்றும் ஆகாது. பூஸ்டில் ஓடும் என்ஜினில் சில விநாடி போதும், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடும். காற்றும் சாலையும் இரைச்சலிடும்போது அந்தச் சத்தம் காதுக்கு எட்டுவதே இல்லை.

இதைத் தடுக்கக் கையில் இருக்கும் வழிகள்: காற்றைக் குளிரவைப்பது, பூஸ்டைக் குறைப்பது, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது, பெட்ரோலைச் சற்று தாராளமாகக் கொடுப்பது, நல்ல எரிபொருள் ஊற்றுவது. ஸ்பார்க்கைப் பொறுத்தவரை, பூஸ்ட் ஒவ்வொரு 0.07 பார் ஏறும்போதும் ஒரு டிகிரி தாமதம் என்று தொடங்குவார்கள். இது தொடக்கக் கணக்குத்தான். அங்கிருந்து என்ஜின் சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும்.

பெட்ரோலைக் கணக்குப் போடுதல்

சீராக ஓடும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரியும் விகிதம். முழு பூஸ்டில் அதை 11.5, 12 அளவுக்கு இறக்குவார்கள். எரியாத கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த விகிதத்தைக் காட்டும் கருவி 'வைட்பேண்ட்' ஆக்சிஜன் சென்சார். புகைக்குழாயில் ஒரு துளை போட்டு அதைப் பொருத்தி, டேஷ்போர்டில் மீட்டரை வைத்துவிட்டால் உள்ளே என்ன எரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இது இல்லாமல் டர்போ ட்யூன் செய்வதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் காரியம் என்றுதான் சொல்வேன்.

இன்ஜெக்டர் அளவையும் ஊகிக்க வேண்டியதில்லை. 200 குதிரைத்திறன் என்றால் 147 கிலோவாட். டர்போ பெட்ரோல் என்ஜின் முழு வேகத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 365 கிராம் அளவுக்குக் குடிக்கும். பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 54 கிலோ, அதாவது 72 லிட்டர். நிமிடத்துக்கு 1,200 மில்லி. நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 300. இன்ஜெக்டரை நூறு சதவீதம் திறந்தே வைக்கக் கூடாது. 85 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். எனவே நிமிடத்துக்கு 350 மில்லி கொடுக்கும் இன்ஜெக்டர் தேவை. சாதாரண என்ஜினின் இன்ஜெக்டர் இதற்குப் பாதி தூரம் வந்ததும் மூச்சுத் திணறிவிடும். அந்த இடத்தில்தான் கலவை வறண்டு, வெப்பம் ஏறி, பிஸ்டன் உருகுகிறது. பெட்ரோல் பம்பும் அவ்வளவு தள்ளுமா என்று அதே அழுத்தத்தில் ஒரு பாட்டிலில் பிடித்து அளந்து பார்க்க வேண்டும்.

பழைய வால்வோக்களின் எரிபொருள் மூளை பாஷ் நிறுவனத்துடையது. ஆரம்ப 240 டர்போவில் மெக்கானிக்கல் கே-ஜெட்ரானிக், பின்னால் எல்.எச்.-ஜெட்ரானிக் கணினி. ஆலை வைத்த அளவுக்கு மேல் போக நினைப்பவர்கள் அதன் சிப்பை மாற்றி எழுதினார்கள், அல்லது பெட்டியையே கழற்றிவிட்டு வேறு வைத்தார்கள். இந்த இடத்தில் பெரிய திருப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் 2000-களின் தொடக்கத்தில் மெகாஸ்குவர்ட் என்ற என்ஜின் கணினியை உதிரிகளாகவே விற்கும்படி வடிவமைத்தார்கள். வாங்கியவர் தானே சால்டரிங் செய்து முடிக்க வேண்டும். பந்தயக் குழுக்களின் பணத்துக்கு மட்டும் எட்டிய ஒன்று சாதாரண மனிதரின் மேஜைக்கு வந்தது. எந்தச் சுற்றில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரி ஸ்பார்க் என்ற அட்டவணையை லேப்டாப்பில் திறந்து கட்டம் கட்டமாக நிரப்பலாம். வீட்டு டர்போ வேலை ஊகத்திலிருந்து அளவுக்கு மாறியது அப்போதுதான் என்பது என் கருத்து.

ஸ்வீடனுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. பெரிய பெட்ரோல் பங்குகள் ஏதேனும் ஒரு புதுப்பிக்கத்தக்க எரிபொருளை விற்றே ஆக வேண்டும் என்ற சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலானவை எத்தனால் கலந்த இ85-ஐ வைத்தன. சுற்றுச்சூழலுக்காகப் போட்ட சட்டம் டர்போக்காரர்களுக்கு வரமானது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். தானே பற்றிக்கொள்வதையும் நன்றாக எதிர்க்கும். அதே என்ஜினில் கூடுதல் பூஸ்ட் கொடுக்கலாம், ஸ்பார்க்கையும் சற்று முன்னதாக வைக்கலாம். விலை இல்லாமல் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும். முன்பு 350 மில்லி போதுமென்ற இன்ஜெக்டர் 490-க்குப் போக வேண்டும். பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், அதனால் பங்குகளே அந்த மாதங்களில் எத்தனால் அளவைக் குறைத்து விற்கின்றன. அளவு மாறினால் அட்டவணையும் மாற வேண்டும் என்பதை மறந்தவரின் என்ஜின் வறண்டோ மூழ்கியோ ஓடும்.

எந்த டர்போ

சிறிய டர்போ சீக்கிரம் சுழலும், 2,000 சுற்றிலேயே இழுவை தெரியும். மேலே போனால் மூச்சு முட்டும். பெரியது மேலே அள்ளிக் கொடுக்கும். கீழே ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 740-இல் வந்த மிட்சுபிஷி டர்போ சிறியது, தினசரி ஓட்டத்துக்கு இதமானது. 300 குதிரைத்திறன் கனவு காண்பவர்கள் ஹோல்செட் பக்கம் போனார்கள். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் தோன்றிய நிறுவனம் அது. லாரி என்ஜின்களுக்கு டர்போ செய்வது அதன் தொழில். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கட்டியதால் உறுதியானது, காயலான் கடையில் மலிவு. ஆனால் ஹெச்எக்ஸ்35 போன்ற ஒன்று 5.9 லிட்டர் டீசலுக்கு அளவெடுத்தது. 2.3 லிட்டர் பெட்ரோலில் அது 3,500 சுற்றைத் தாண்டித்தான் விழிக்கும். குடும்பத்தோடு ஊர் போகிற காருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பூஸ்டைக் கட்டுப்படுத்துவது வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு. பூஸ்ட் குறித்த அளவைத் தொட்டதும், ஒரு மெல்லிய ரப்பர் ட்யூப் வழியாக அந்த அழுத்தம் ஸ்பிரிங்கைத் தள்ளிக் கதவைத் திறக்கிறது. புகையில் ஒரு பகுதி சக்கரத்தைச் சுற்றாமல் வெளியே போய்விடும். அந்த ட்யூப் கழன்றாலோ வெடித்தாலோ கதவு திறக்காது; பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். பல ஆயிரம் குரோனர் செலவழித்த என்ஜின் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ட்யூபால் போயிருக்கிறது. புது ட்யூப் போட்டு, இரு முனையிலும் கிளிப் போட வேண்டும். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் பெட்ரோலை நிறுத்தும் கட்டளையையும் கணினியில் எழுதிவைக்க வேண்டும்.

கை அழுக்காகும் இடங்கள்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயிலை உள்ளே கொண்டுபோகும் குழாயில் எல்லோரும் அக்கறை காட்டுவார்கள். வெளியேறும் குழாயில்தான் கோட்டைவிடுவார்கள். உள்ளே அழுத்தத்தோடு போன ஆயில் பேரிங்கைத் தாண்டியதும் நுரையாக, அழுத்தமே இல்லாமல் விழுகிறது. தன் எடையால்தான் அது என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். எனவே திரும்பும் குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எங்கும் மேலேறாமல், கிடையாகவும் படுக்காமல் கீழ்நோக்கியே போக வேண்டும். சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, சைலன்சரில் நீலப் புகையாக வரும். டர்போ போய்விட்டது என்று நினைத்து இன்னொன்றை வாங்கிப் பூட்டுவார்கள், அதுவும் புகையும். கோளாறு குழாயில் இருந்திருக்கும்.

இன்னொரு இடம் பிஸ்டன் ரிங். ரிங் முழு வட்டமல்ல. அதன் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. சூடானால் ரிங் நீளும், இடைவெளி குறையும். டர்போ வெப்பத்தில் முனைகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் ரிங் விரிய இடமின்றி சிலிண்டரைச் சுரண்டும், பிஸ்டனின் விளிம்பைப் பெயர்த்துவிடும். 96 மில்லிமீட்டர் சிலிண்டருக்குச் சாதாரணமாக 0.4 மில்லிமீட்டர் அளவில் வைக்கும் இடைவெளியை டர்போ கட்டுபவர்கள் 0.5 முதல் 0.6 வரை வைப்பார்கள். ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தள்ளினால் அது நேராக உட்காரும். ஃபீலர் கேஜை நுழைத்து அளக்க வேண்டும். போதவில்லை என்றால் ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி, இரண்டே இழுப்பு அரம் போட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு ரிங்கையும் அது உட்காரப்போகும் சிலிண்டரிலேயே அளக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் போய்விடும். அந்த மாலையை மிச்சம் பிடித்தவர்கள் அடுத்த கோடையில் என்ஜினை மறுபடி இறக்கியிருக்கிறார்கள்.

ஹெட் காஸ்கெட் புதிது, ஹெட் போல்ட் புதிது, ஹெட்டின் அடித்தளம் மட்டமாக இருக்கிறதா என்று லேத் பட்டறையில் ஒரு பார்வை: இவை சொல்லாமலே செய்ய வேண்டியவை.

என்ஜினைத் தாண்டியும் செலவு இருக்கிறது. 740-இல் வந்த எம்47 கியர்பாக்ஸ் கூடுதல் முறுக்கைத் தாங்காது. 1990-களின் 940, 960 கார்களில் வந்த எம்90-ஐத் தேடுவார்கள், அது அரிதாகிவிட்டதால் விலை ஏறிவிட்டது. பின் அச்சு மட்டும் கல் மாதிரி, அதைத் தொட வேண்டியதில்லை. கிளட்ச் மாற்ற வேண்டும். பிரேக்கை மாற்றாமல் சக்தியை இரட்டிப்பாக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். முப்பது, நாற்பது வயதான காரில் பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கும். ஸ்வீடன் சாலைகளில் பனி உருகக் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றிருக்கும். புது டர்போவுக்குக் காசு கொடுப்பதற்கு முன் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டம்

வேஸ்ட்கேட்டின் மிகக் குறைந்த அழுத்தத்தில், 0.3, 0.4 பாரில் தொடங்க வேண்டும். முதலில் பூஸ்டே ஏறாமல் மெதுவாக ஓட்டி, அந்தப் பகுதியின் அட்டவணையைச் சரிசெய்ய வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க வேண்டும், லேப்டாப்பை அல்ல. கணினி எல்லாவற்றையும் பதிந்து வைக்கும், நிறுத்திவிட்டுப் படித்துக்கொள்ளலாம். முடிந்தால் என்ஜின் திறனை அளக்கும் டைனோ உள்ள பட்டறையில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பது இதைவிட நல்லது. பொதுச் சாலையில் முழு மிதியில் ட்யூன் செய்வது அடுத்தவர் உயிரோடு செய்யும் சோதனை. பூஸ்டில் விகிதம் 12-ஐத் தாண்டி வறண்ட பக்கம் போகிறதென்று மீட்டர் காட்டினால் அந்த நொடியே காலை எடுக்க வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளியோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் உள்ளே நாக்கிங் நடந்திருக்கிறது, பிஸ்டன் கரையத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அங்கிருந்து பூஸ்டை ஏற்றக் கூடாது, இறக்க வேண்டும்.

நன்றாக மிதித்து ஓட்டிய பிறகு உடனே சாவியைத் திருகாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சூடான டர்போவில் நின்றுபோன ஆயில் கருகிக் கரியாகப் படியும். ஆயிலை ஆலை சொன்னதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஸ்வீடனில் கார்கள் அரசு விதிப்படி முறையான ஆய்வுக்குப் போக வேண்டும், புகை அளவும் பார்க்கப்படும். பெரிய அளவில் மாற்றிக் கட்டிய கார்களை எஸ்.எஃப்.ஆர்.ஓ. என்ற வாகனம் கட்டுவோர் கூட்டமைப்பின் ஆய்வாளர்கள் தொழில்நுட்ப ரீதியாகப் பரிசோதிக்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வந்து பார்த்து, வெல்டிங்கையும் பிரேக்கையும் கேள்வி கேட்பார்கள். வீட்டில் கட்டுவதை ஒரு நாடு தடை செய்யாமல், ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் இந்த முறையை நான் மனதார மதிக்கிறேன்.

நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்குப் பொருந்தாத என்ஜினோடு சாலையில் ஓட்டினால் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும். பழைய காரில் டர்போ வைத்துப் பார்க்க ஆசைப்படும் நம் வாசகர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் மேஜை மேல் ஒரு பழைய என்ஜினைப் பிரித்து, ரிங் இடைவெளியை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.